கேட்க ஆளில்லாத பொண்ணு

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை, கனவும் இல்லை. "வெயில்ல அலைஞ்சிருப்பே, பிரமை" என்று சொன்னவர்கள் நிறைய பேர். அவர்களில் யாரும் அந்த வீட்டில் ஒரு சாயங்காலம்கூட இருந்ததில்லை. நான் இருந்தேன்.

பேய், பிசாசு என்று பயந்து வளர்ந்தவள் இல்லை நான். அப்பா ரயில்வே. அரக்கோணம் குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் பயம் என்றால் பரீட்சை மட்டும்தான்.

1999-இல் நான் சென்னையில் மானிடவியல் முதுகலை இரண்டாம் வருடம். அதில் மருத்துவ மானிடவியல் என்று ஒரு பிரிவு. சொன்னால் யாருக்கும் விளங்காது. ஒரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் அவள் உடம்பைப் பார்ப்பார். நாங்கள் அவள் வீட்டைப் பார்ப்போம். அந்த நோய்க்கு அந்த வீட்டில் என்ன பெயர், எதனால் வந்தது என்கிறார்கள், முதலில் யாரிடம் ஓடுகிறார்கள், டாக்டரிடமா, பூசாரியிடமா... இதையெல்லாம் கூட இருந்து தெரிந்துகொள்வதுதான் படிப்பு.

என் ஆய்வுக்கு வழிகாட்டி பேராசிரியர் சக்கரவர்த்தி. "மதிவதனி, சும்மா போய்க் கேள்வி கேட்டுட்டு வந்தா ஆய்வு ஆகாது. போய்த் தங்கு. அவங்க வீட்டுல ஒருத்தியா ஆயிடணும்" என்று சொல்லி அனுப்பினார்.

அப்படித்தான் அடி அண்ணாமலைக்குப் போனேன். கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கிற ஊர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே காசிம் பாயின் டீக்கடை. தங்க இடம் கேட்டேன்.

"பாஞ்சாலை வூட்ல எடம் இருக்கும்மா. ஆனா அங்க ஒரு பொண்ணு உடம்பு முடியாம இருக்குது. உனக்குத் தொந்தரவா இருக்கும்" என்றார்.

"அதுக்குத்தாங்க வந்திருக்கேன்" என்றேன்.

அவர் கையை நீட்டி வழி காட்டினார்.

பாஞ்சாலைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் சகாதேவன் பெங்களூரில் கட்டட வேலை. பண்டிகைக்குப் பண்டிகை வருவார். வீட்டில் பாஞ்சாலையும் மகள் தனமும் மட்டும். தனத்தைச் செங்கம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் மாதமே மாமியார் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் போனபோது தனம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுப் பெண். தலை சீவி வாரக் கணக்காகியிருந்தது. சோறு இறங்காது. தண்ணீர் மட்டும் சொம்பு சொம்பாகக் குடித்துக்கொண்டே இருந்தாள். விளக்கு வைக்கிற நேரம் ஆனால் எழுந்து பின்கட்டுக் கதவோரம் போய் நிற்பாள். யாரோ கூப்பிடுகிறாற்போலக் காது கொடுத்து நிற்பாள்.

டவுனில் காட்டினார்கள். வேலூரில் காட்டினார்கள். மாத்திரை கொடுத்தார்கள். தூங்கினாள், எழுந்தாள், மறுபடியும் கதவோரம் நின்றாள்.

"இன்னா நோயின்னு நீங்க நெனைக்கறீங்கக்கா?" என்று முதல் வாரம் பாஞ்சாலையைக் கேட்டேன்.

"நோயி இல்லம்மா. அவளை ஒன்னு புடிச்சிக்கினு இருக்குது."

"அது போகாதா?"

"போவும். வேற எடம் கெடைச்சா போவும்."

எனக்கு ஒரே சந்தோஷம். ஆய்வுக்குத் தேவையான பேச்சு தானாக வந்து விழுகிறதே என்று.

பாஞ்சாலை மாதிரி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. வெயிலில் அலைந்து திரிந்து வந்தால் மோர் வைத்திருப்பாள். மல்லாட்டை, வேர்க்கடலைதான், வறுத்துத் தோல் ஊதி என் கையில் கொட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை என்னை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிடுவாள். என் அம்மா நான் பதினோரு வயதாக இருக்கும்போதே போய்விட்டாள். அதன் பிறகு என் தலையில் இன்னொருவர் எண்ணெய் வைத்தது அங்கேதான்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்பாள். அம்மா பேர் என்ன. எப்படிச் செத்தாள். என் நட்சத்திரம் என்ன. அப்பா அடிக்கடி வந்து பார்ப்பாரா. அம்மா என்னை என்னவென்று கூப்பிடுவாள்.

"மைனா" என்றேன். "ஓயாம பேசிக்கினே இருப்பேனாம்."

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்குக்கூட அந்தப் பெயர் மறந்திருக்கும்.

"அக்கான்னு இன்னாத்துக்குக் கூப்புடற? அம்மான்னு கூப்புடேன் கண்ணு" என்றாள்.

கூப்பிட்டேன். அன்று ராத்திரி படுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இனி சொல்வதெல்லாம் அப்போது எனக்குச் சின்ன விஷயங்கள்.

என் துணியெல்லாம் ஈரமாக இருந்த ஒரு நாள் தனத்தின் பழைய சேலையைக் கொடுத்தாள். "உனுக்குத்தான் எடுப்பா இருக்குது, நீயே வெச்சிக்கோ" என்றாள். அதற்குப் பிறகு என் துணி எதுவும் சாயங்காலத்துக்குள் காயவே இல்லை. எனக்குச் சோறு போடுகிற தட்டு மாறியது. ஓரத்தில் 'தனம்' என்று பெயர் வெட்டிய தட்டு. படுக்கிற இடமும் மாறியது. முன்னறையில் படுத்திருந்தவளைப் பின்கட்டுக் கதவோரம் படுக்கச் சொன்னாள். அங்கே காற்று வரும் என்றாள். அது தனம் படுத்திருந்த இடம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மட்டும் வாய் தவறி என்னைத் "தனம்" என்று கூப்பிடுவாள். மற்ற நேரத்தில் அந்தத் தவறு வராது. கூப்பிடும்போது என்னைப் பார்க்கவும் மாட்டாள். பின்கட்டைப் பார்த்து, சத்தமாகக் கூப்பிடுவாள்.

இன்னொன்று, அந்தச் சத்தம்.

பின்கட்டில் நுணா மரத்தடியில் ஒரு கல்தொட்டி இருந்தது. மாடு இருந்த காலத்தில் தண்ணீர் காட்டியது. இருட்டுகிற நேரத்தில் அங்கிருந்து சத்தம் வரும். யாரோ தண்ணீரை மொண்டு மொண்டு திரும்ப அதிலேயே ஊற்றுகிற சத்தம்.

சளக்... சளக்...

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். தொட்டி காய்ந்து கிடந்தது. உள்ளே எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுச் சத்தமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் தனம் தேறினாள். முதலில் இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு தானே தலை சீவிக்கொண்டாள். ஒரு நாள் என்னைப் பார்த்து, "அக்கா, உங்க ஊர்ல ரயிலு ஜாஸ்தியா?" என்று கேட்டாள். பாஞ்சாலை அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான். மாத்திரையால் ஆகாதது ஒரு துணை கிடைத்ததில் ஆகிறது என்று எனக்குள் ஒரு பெருமை.

எனக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது அந்த வாரம்தான். எவ்வளவு குடித்தாலும் அடங்காத தாகம். சோற்றைப் பார்த்தால் குமட்டியது. ஆவணி மாதத்து வெயில் என்று நினைத்தேன்.

அன்று பௌர்ணமி.

வேங்கிக்காலில் சுகாதார அலுவலகத்தில் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். கூட்டத்தால் பஸ்ஸை வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். இறங்கி, கிரிவலம் போகிற ஜனத்தோடு ஜனமாக நடந்து வந்தேன். வீட்டுக்கு வர ஆறரை இருக்கும். தெருப் பக்கம் நெரிசலாக இருந்ததால் சந்து வழியாகப் பின்பக்கமாக வந்தேன்.

நுணா மரத்தடியில் பாஞ்சாலை நின்றிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கல்தொட்டியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். சாதாரணமாக, வந்தவர்களிடம் பேசுகிற மாதிரி.

"பேரு மதிவதனி. அரக்கோணத்துப் பொண்ணு. ஆத்தாக்காரி செத்துட்டா. அப்பன் ஒருத்தன்தான், அவனும் வந்து எட்டிப் பாக்கல. கேக்க ஆளில்லாத பொண்ணு. எம் பொண்ணு தட்டுல துன்னுது. எம் பொண்ணு துணியக் கட்டுது. என்னையே அம்மான்றது. இனிமே இதான் எம் பொண்ணு. அதை வுட்டுடு."

நிறுத்தினாள். பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி தலையைச் சாய்த்தாள்.

பிறகு சொன்னாள்.

"மைனான்னு கூப்புடுவாளாம்."

அந்த இடத்தில் எனக்குப் பயம் வரவில்லை. வந்தது வேறு. நெஞ்சில் யாரோ ஓங்கி மிதித்த மாதிரி இருந்தது. மோர், மல்லாட்டை, எண்ணெய்... எல்லாமே இதற்குத்தானா?

கழிப்பு என்று ஒன்று உண்டு. பீடையை ஒருவரிடமிருந்து இறக்கி வேறொன்றின்மேல் ஏற்றிவிடுவது. கோழியின்மேல் ஏற்றுவார்கள், பூசணிக்காயின்மேல், மாவுப் பொம்மையின்மேல். நானே அதைப் பற்றி ஊர் ஊராகக் கேட்டு எழுதி வைத்திருந்தேன். மனுஷியின்மேல் ஏற்றலாம் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அவ்வளவுதான் தோன்றியது. பாஞ்சாலை கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே போனேன். பை பின்கட்டு அறையில் இருந்தது. அவள் வந்துவிடக் கூடாதென்று பின்கட்டுக் கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, துணியை அள்ளித் திணித்துக்கொண்டிருந்தேன்.

முன்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வெளியே நாதாங்கி விழுந்தது.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "அம்மா... அம்மா, கதவைத் திறங்க."

வெளியே மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு பாஞ்சாலையின் குரல். "மன்னிச்சிக்கோ கண்ணு."

இரண்டு பேர் நடந்து போகிற காலடிச் சத்தம். ஒன்று அவளுடையது. இன்னொன்று தனத்தினுடையது.

வீட்டில் கரண்ட் போனது.

கத்தினேன். ஆனால் இரண்டு தெரு தள்ளி ஆயிரக்கணக்கில் ஜனம் நடந்துகொண்டிருந்தது. "அண்ணாமலையானுக்கு..." என்று ஒருவர் ஆரம்பிக்க, "அரோகரா" என்று பாதை முழுக்கச் சொன்னது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

முன்கதவு வெளியே பூட்டியிருந்தது. பின்கட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ளே. அதை நான் நினைத்தால் திறக்கலாம்.

நான்தான் திறக்க வேண்டும்.

சளக்... சளக்...

ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை நிற்கவில்லை. தொட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது.

சளக்...

படியில்.

சளக்...

கதவுக்கு அந்தப் பக்கம்.

நின்றுவிட்டது.

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்படி ஒரு தாகம். அறையில் இருந்த குடத்தைச் சாய்த்துப் பார்த்தேன். காலி. காலையில் நான்தான் நிரப்பி வைத்தேன்.

"கண்ணு, தண்ணி எடுத்தாந்துகிறேன். கதவத் தொற."

பாஞ்சாலையின் குரல். அதே இழுவை, அதே பிரியம்.

எழுந்தேன். சத்தியமாக எழுந்துவிட்டேன். இரண்டடி வைத்தும்விட்டேன்.

குரல் வந்த இடம்தான் என்னை நிறுத்தியது.

ஆள் உயரத்திலிருந்து வரவில்லை. கீழே... கதவடியில்... தரையிலிருந்து வந்தது.

"தண்ணி கண்ணு."

வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு மெதுவாக...

"மைனா."

என் அம்மாவின் குரல் இல்லை அது. அம்மா குரல் எனக்கு மறந்தே போயிருந்தது. பாஞ்சாலையின் குரலில், என் அம்மா வைத்த பெயர்.

"மைனா... தொறம்மா."

கை தாழ்ப்பாளுக்குப் போனது. நான் அனுப்பவில்லை. தானாகப் போனது.

தாழ்ப்பாள் பாதி நகர்ந்தது.

இன்னும் கொஞ்சம்.

அப்போதுதான்... பின்னால்... முன்கதவு திறந்தது.

தனம் நின்றிருந்தாள்.

நிலா வெளிச்சம் அவள் முதுகுப் பக்கம் விழுந்தது. முகம் தெரியவில்லை. ஆனால் அவளேதான். அந்த மெலிந்த தோள், அந்தச் சேலை.

"வாக்கா" என்றாள்.

ஓடினேன். என் கையைப் பிடித்தாள். அவள் கை ஈரமாக இருந்தது, சில்லிட்டிருந்தது. ஓடி வந்த வேர்வை என்று நினைத்தேன். சந்து வழியாக இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கிரிவலப் பாதையில் டியூப்லைட் வெளிச்சம் விழுகிற இடத்துக்கு முன்னால் நின்றாள். கையை விட்டாள்.

"நீயும் வா தனம்" என்றேன்.

தலையை ஆட்டினாள். வெளிச்சத்துக்கு வரவில்லை.

கூட்டத்துக்குள் புகுந்து காசிம் பாய் கடைக்கு ஓடினேன். அவர் மனைவி கைசர் ஜஹான் என்னைப் பார்த்ததும் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். ஒரு டம்ளர் குடித்தேன். போதும் என்று இருந்தது. அத்தனை நாள் தாகம், அந்த ஒரே டம்ளரில் அடங்கியது.

விடிந்ததும் பாய் என்னைக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டார். "நான் மொதல்லயே உனக்கு வேற வூடு காட்டிருக்கணும்மா" என்று மட்டும் சொன்னார்.

சென்னையில் சக்கரவர்த்தி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அருமையான தகவல். உனக்கு நடந்ததுன்னு எழுதாதே, படிக்கறவங்க ஏத்துக்க மாட்டாங்க. தகவல் தந்த ஒரு பெண் கூறினார்னு மாத்திடு."

நான் எப்படி இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

அப்படியே மாற்றி எழுதிப் பட்டம் வாங்கினேன். எனக்கு அதன் பிறகு ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சல்கூட வரவில்லை. ஒன்றை மட்டும் மனதில் பத்திரமாக வைத்திருந்தேன். அந்த வீட்டில் எல்லோரும் என்னை விற்றுவிடவில்லை. ஒருத்தி இருந்தாள். அம்மாவை மீறி, தனக்கு மறுபடியும் வந்துவிடும் என்று தெரிந்தும், திரும்பி வந்து கதவைத் திறந்தாள். மனுஷர்களை நம்புவதற்கு எனக்கு அந்த ஒருத்தி போதுமாக இருந்தாள். என் வாழ்க்கையில் அவளை நினைக்காத வாரம் இல்லை.

2006. தாய் சேய் நலத் திட்டம் ஒன்றில் எனக்கு வேலை. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கூட்டம். அந்த ஊர்ப் பக்கம் இனி வருவதில்லை என்றிருந்தவள், வேறு வழியில்லாமல் வந்தேன். கூட்டம் முடிந்து வேங்கிக்காலிலிருந்து டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். நல்ல வெயில்.

இடுப்பில் ஒரு பையனோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணைப் பார்த்தேன்.

"தனம்?"

திரும்பினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. "மதியக்கா..."

நன்றாக இருந்தாள். உடம்பு பூரித்திருந்தது. வேறு இடத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. பையனுக்கு மூன்று வயது, பேர் வளவன். பாஞ்சாலை இறந்து நாலு வருஷம் ஆகிறது என்றாள். பையன் என் வளையலைப் பார்த்துக் கையை நீட்டினான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏழு வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "அன்னிக்கு நீ வந்து கதவைத் திறக்கலன்னா நான் இப்போ இல்லை தனம்."

அவள் என்னையே பார்த்தாள்.

"எந்தக் கதவுக்கா?"

"உங்க வீட்டுக் கதவு. பௌர்ணமி அன்னிக்கு. நீதானே வந்து..."

"நான் வரலக்கா."

பஸ் எங்கேயோ நின்றது. ஆள் ஏறினார்கள். மறுபடி கிளம்பியது.

"அம்மாவும் நானும் அப்பவே கூட்டத்தோட நடந்து டவுனுக்குப் போய்ட்டோம். விடியற வரைக்கும் ராஜகோபுரத்தாண்டதான் குந்திக்கினு இருந்தோம். திரும்பி வரவே இல்ல." தலையைக் குனிந்துகொண்டாள். "நாதாங்கி போட்டதே நான்தான்க்கா. அம்மாவுக்குக் கை நடுங்குச்சு. எனக்குப் பொழைக்கணும்னு இருந்துச்சு."

வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைகள் போய்க்கொண்டிருந்தன.

அவள்தான் மறுபடி பேசினாள். குரல் மாறியிருந்தது.

"வந்தது இன்னா பண்ணுச்சு?"

"கையைப் பிடிச்சு... ரோடு வரைக்கும் கூட்டிட்டு வந்தது."

"நீயும் புடிச்சியா?"

"பிடிச்சேன்."

"எங் கைய ஒரு நாளும் புடிச்சதில்லக்கா. கதவுக்கு அந்தாண்டதான் நிக்கும். கூப்புடும்... அவ்ளோதான்." என் கையைப் பார்த்தாள். "கையக் குடுத்தா, அது அந்தக் கைய அப்புறம் வுடாதுன்னு அம்மா சொல்லும்."

என் பிடியிலிருந்து பையனின் கையை மெல்ல விடுவித்தாள். கண்டக்டரை விசிலடிக்கச் சொல்லி எழுந்துவிட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். அங்கே வீடுகள் இல்லை, வெறும் மனைக் கற்கள் நட்ட பொட்டல்.

பஸ் நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். ரோட்டோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, பையனின் அந்த ஒரு கையை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.